உலைப் பதிவேட்டில் பிறைக்கு ஒரு கட்டம்

போன வாரம் ஆய்வுக்கூடத்திலிருந்து தூய் என்ற பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். உலைப் பதிவேட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுகிறார்களாம். தேதி, நேரம், சூடு, மாதிரி எண், எடை, எல்லாம் புரிகிறது. கடைசிக் கட்டத்தில் மட்டும் சந்திர மாசத்துத் தேதி எழுதியிருக்கிறதே, அது எதற்கு, எடுத்துவிடலாமா என்று கேட்டாள்.

"எடுத்துடாதே," என்றேன்.

"காரணம் சொல்லுங்க. படிவத்துல காரணம் எழுதணும்."

"ஒரு வரியில அடங்காதும்மா."

"அப்ப எழுதிக் குடுங்க."

அவளுக்கு வியட்நாமிய மொழியில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். இங்கே சைகோனில் பூ மி ஹங் பக்கம் குடிவந்திருக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகள் வேறு, ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதுங்க பாய் என்று ரெண்டு வருஷமாகத் துளைக்கிறார்கள். ஒரே கல்லை ரெண்டு மரத்துக்கும் எறிகிறேன். என் தமிழ் வாப்பாவின் வாயைப் பார்த்துக் கற்ற தமிழ். பிழை இருந்தால் அவர் கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள்.

வாப்பா காரைக்கால்காரர். பென் தான் என்கிற சந்தைப் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருந்தார். எழுபத்தைந்தில் போர் முடிந்து ஆட்சி மாறிய பிறகு நம் ஆட்கள் கிடைத்த விமானத்தைப் பிடித்துக் கிளம்ப, உம்மா இந்த ஊர்க்காரி என்பதால் நாங்கள் இருந்துவிட்டோம். கடை போயிற்று. பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். எனக்குப் பத்துத் தொழில் பறந்து வந்து உட்கார்ந்தது. ரேடியோ, மின்விசிறி, சைக்கிள், மீன்தொட்டி மோட்டார் என்று கழற்றி மாட்டிக் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடப் படிப்பு பத்தாவதோடு சரி. ஒருநாள் அந்த ஆய்வுக்கூடத்தில் ஃபிரிட்ஜ் ஓடவில்லை என்று கூப்பிட்டார்கள். ஃபிரிட்ஜைச் சரிசெய்யப் போனவன் முப்பது வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தேன்.

அங்கே எனக்குப் பெயர் ஸாவ்; மரியாதையாக அன் ஸாவ், ஸாவ் அண்ணன். ஸாவ் என்றால் ஆறு. வீட்டில் நான் ஐந்தாவது பிள்ளை. இந்த ஊரில் மூத்த பிள்ளைக்கே ரெண்டு என்றுதான் எண்ணிக்கை தொடங்கும். ஒன்று என்று யாரையும் கூப்பிட மாட்டார்கள். காசிம் என்ற பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

என்ன வேலை என்று கேட்பீர்கள். கடலின் அடியில், வெளிச்சமே போகாத ஆழத்தில், சேறு படிந்துகொண்டே இருக்கிறது. கப்பலிலிருந்து நீளக் குழாயை இறக்கி அந்தச் சேற்றை முழுசாக, கரும்பு மாதிரி உருவி எடுப்பார்கள். மேலே இருப்பது நேற்றுப் படிந்தது, கீழே போகப் போகப் பல்லாயிரம் வருஷம். அந்தச் சேற்றுத் தண்டை விரல் பருமனுக்கு வில்லை வில்லையாக அறுத்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு கார்பன் என்று அளப்போம். கார்பனில் ரெண்டு ஜாதி. ஒன்று அங்ககக் கார்பன்: மீன், பாசி, இலை, தழை என்று உயிரோடு இருந்தவற்றின் மிச்சம். மற்றது கறுப்புக் கார்பன்: எங்கோ நிலத்தில் காடு எரிந்து, கரியும் புகையுமாகக் காற்றிலும் ஆற்றிலும் வந்து கடலில் இறங்கியது. நான் அவற்றை வாழ்ந்த கரி, வெந்த கரி என்று சொல்லிக்கொள்வேன்.

ரெண்டையும் பிரிப்பது சமையல் மாதிரிதான். சேற்றைக் காயவைத்து, கல்வத்தில் இட்டு மாவாக அரைக்க வேண்டும். அதில் ஒரு சிட்டிகையை எடுத்து, கடுகு ரெண்டு கொள்ளும் அளவு வெள்ளிக் கிண்ணியில் வைத்து, அமிலம் சொட்டினால் சிப்பிச் சுண்ணாம்பெல்லாம் சோடா மாதிரி நுரைத்துப் போய்விடும். அதை மாடியில் இருக்கிற கார்பன் மெஷினில் போட்டால் மொத்தக் கணக்கு வரும். இன்னொரு பங்கைப் பீங்கான் ஓடத்தில் பரப்பி, உலையில் முந்நூற்று எழுபத்தைந்து டிகிரியில், காற்றோட்டத்தோடு ஒரு பகல் ஒரு இரவு வைக்க வேண்டும். வாழ்ந்த கரி எல்லாம் அதில் எரிந்து போகும். வெந்த கரி போகாது. ஏற்கெனவே தீயைப் பார்த்ததற்கு இந்தச் சூடு ஒரு பொருட்டில்லை. மிஞ்சுவதை அளந்தால், என்றைக்கோ எரிந்த காட்டின் கணக்கு கையில்.

இதில் அளவெல்லாம் ஊசி முனைக்கும் கீழே. தராசில் நிறுக்கும்போது சைகோன் வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிடுவோம், மூச்சையும் பிடித்துக்கொள்வோம். தும்மல் வந்தால் எழுந்து வாசலுக்கு ஓட வேண்டும். இந்த வேலைக்குத் தலைவி கோ ஹான். கோ என்றால் டீச்சரம்மா மாதிரி ஒரு மரியாதை. குள்ளமான பெண்மணி, பிளாஸ்டிக் செருப்பு, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஒரு தடவை துடைத்தால் சின்னத் தப்பு. மாட்டிக்கொண்டு மறுபடி கழற்றித் துடைத்தால் பெரிய தப்பு.

எந்த எண்ணைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை தடவை?" சேர்ந்த புதிதில் நான் வாய்த்துடுக்காக, எங்க ஊரில் ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள், ஒரு தடவை போதாதா என்றேன். அவர் கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார்.

"மேலே ஒண்ணு, நடுவுல ஒண்ணு, அடியில ஒண்ணு எடுங்க அன் ஸாவ். அடி பிடிச்சிருந்தா மேல் சோத்துக்கு எப்படித் தெரியும்?"

அன்றையிலிருந்து பெருநாள் பிரியாணிக்குக்கூட நான் மூன்று இடத்தில்தான் பதம் பார்க்கிறேன்.

அறைக்குள் வாசனை, புகை எதுவும் கூடாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு டோங் டு பள்ளிவாசலுக்குப் போகும்போது நான் அத்தர் பூசுவது வழக்கம். திரும்பி வந்தால் கதவிலேயே நிறுத்திவிடுவார். "அத்தரும் கார்பன்தான்." தொழுது முடித்த கையோடு கழுத்தையும் காதையும் தேய்த்துக் கழுவிக்கொண்டு வருவேன். பக்கத்தில் நின்ற நாகூர்க்காரர் ஒருவர், தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவும் ஒளூவை இந்த ஆள் பின்னால் செய்கிறானே என்று ஒரு மாதிரி பார்த்தார்.

உலைக்கு ஓயாமல் காற்று போக வேண்டும் என்றேன் அல்லவா. சிலிண்டர் காற்று அந்த நாளில் நினைத்தபோது கிடைக்காது. நான் மீன்தொட்டி மோட்டார் ரெண்டை வாங்கி இணைத்து ஒரு ஊதி செய்துகொடுத்தேன். முன்பக்கம் ரோடு, மோட்டார் சைக்கிள் புகை. அதனால் குழாயைப் பின்கொல்லைப் பக்கம் ஜன்னல் வழியாக விட்டேன். அங்கே ஒரு பலா மரம், ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். யார் காலிலும் கையிலும் படாதபடி கிளைக்குப் பின்னால் குழாயை ஒளித்து, சுவரின் நிறத்தையே அதற்கும் அடித்தேன். காற்றை முகர்ந்து பார்த்து நானே சான்றிதழும் கொடுத்துக்கொண்டேன். கோ ஹான் அந்த ஊதியைப் பார்த்து, "ஓடுது," என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

இனிமேல்தான் விஷயம். புத்தாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, கோ ஹான் பல வருஷமாகக் காத்திருந்த ஆழ்கடல் சேறு எங்களுக்கு வந்தது. வெளிநாட்டுக் கூட்டாளிகள் ஒரு தண்டை நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதியைத் தாங்கள் வைத்துக்கொண்டு மறுபாதியை எங்களுக்கு அனுப்பினார்கள். நானூறு வில்லை. ரெண்டு பேர் கணக்கும் ஒத்துப்போனால் அந்தக் கப்பல் எடுத்த மற்றத் தண்டுகள் எல்லாம் எங்களிடம் வரும். இல்லாவிட்டால் இந்த அறையில் பழையபடி வாய்க்கால் சேறும் வயல் மண்ணும்தான். கோ ஹானுக்கு இது பரீட்சை. அவர் ஓய்வுக்கு அதிக வருஷம் பாக்கியில்லை. இன்னொரு தண்டு இன்னொரு தடவை வரப்போவதில்லை.

உலையில் ஒரு நாளைக்கு எட்டு ஓடம் கொள்ளும். காலையில் வைத்தால் மறுநாள் காலையில் எடுத்துவிட்டு அடுத்த எட்டு. மேலிருந்து கீழாக, ஒன்று, ரெண்டு, மூன்று என்று வரிசை பிசகாமல் வைத்தேன். வரிசை எனக்குப் பிடிக்கும். வாப்பா கடையில் துணி அடுக்கிய பழக்கம். திங்கட்கிழமை தோறும் ஒரு ஓடத்தில் சுட்டுச் சுத்தமாக்கிய வெறும் மணலை வைப்பேன். அதில் கார்பன் பூஜ்யம் வர வேண்டும். வந்தது.

அந்த வேலை தொடங்கும்போது இன்னொரு காரியமும் செய்தேன். எங்கள் காவலாளி சூ பா. சூ என்றால் சித்தப்பா. பா என்றால் மூன்று, வீட்டில் ரெண்டாவது பிள்ளை. அறுபது வயது, சதா சிரிப்பு. ஒவ்வொரு சந்திர மாசமும் ரெண்டாம் நாளும் பதினாறாம் நாளும் சாயங்காலம் நாலு மணிக்கு, ஆதரவில்லாமல் அலைகிற ஆவிகளுக்குப் படைப்பார். கஞ்சி, உப்பு, அரிசி, மிட்டாய் வைத்து, ஒரு தகர டின்னில் காகிதச் சட்டை, காகிதத் தங்கம் எல்லாம் கொளுத்துவார். இந்த ஊரில் கடை, ஆபீஸ் எல்லாவற்றிலும் உள்ள வழக்கம்தான். அதை அவர் முன்வாசலில் செய்ய, ஒருநாள் புகை அறைக்குள் வந்தது. கோ ஹான் கண்ணாடியை ஒரு தடவை துடைத்தார். நான் நேரே சூ பாவிடம் போனேன்.

"சித்தப்பா, ஆவிகளுக்கு வாசல்தான் வேணுமா? பின்னால கொல்லையில வெச்சா வர மாட்டாங்களா?"

"பசிச்சவனுக்கு எந்த வாசலா இருந்தா என்ன," என்று டின்னைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

நானும் கையைத் தட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

ரெண்டு மாசம் கழித்து நானூறும் முடிந்தது. கோ ஹான் புள்ளிகளைக் கோடாக இணைத்துப் பார்த்தார். வாழ்ந்த கரியின் கோடு அமைதியாக ஆறு மாதிரி போயிற்று. வெந்த கரியின் கோட்டில் நாலு மேடுகள், சம சம இடைவெளியில். அப்படி ஒரு தாளம். அவர் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இத்தனை ஆயிரம் வருஷத்துக்கு ஒரு தடவை நிலமெல்லாம் பற்றி எரிந்திருக்கிறது, ஒரே கால அளவில் திரும்பத் திரும்ப எரிந்திருக்கிறது, இதற்கு என்ன காரணம் என்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தபடியே பேசினார். கூட்டாளிகள் வருவதற்குப் பத்து நாள் இருந்தது. பெரிய தாளில் படமாகவே அச்சடித்துவிட்டார்.

ஒரே ஒரு கரும்புள்ளி. தாளத்தில் சேராமல் ரெண்டாவது மேட்டுக்கும் மூன்றாவது மேட்டுக்கும் நடுவில் ஒரு குட்டி மேடு. மூன்று வில்லை அகலம்தான். அதைப் பென்சிலால் வட்டமிட்டார்.

"இந்த இடத்துல என்ன பண்ணீங்க அன் ஸாவ்? இது ஒண்ணு அழகைக் கெடுக்குது. பதிவேட்டைப் பாருங்க. ஏதாவது கொட்டியிருப்பீங்க."

நான் பதிவேட்டைப் பிரித்தேன். அந்தக் குட்டி மேட்டு நாளில் ஒன்றும் இல்லை. எடை சரி, சூடு சரி, தும்மல்கூட இல்லை. சரி, நல்ல மேடுகள் வந்த நாட்கள் எப்படி இருந்தன என்று ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று முதல் மேட்டின் நாளைத் தேடினேன். ஓரத்தில் என் கையால் சின்னதாக ஒரு பிறை வரைந்திருந்தது. அன்று மாலை நோன்புப் பிறை தெரிந்தது. மறுநாளிலிருந்து நோன்பு திறக்க நான் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்பதற்காகப் போட்ட குறி. மூன்றாவது மேட்டின் நாளுக்குப் போனேன். அங்கேயும் ஒரு பிறை. பெருநாள் பிறை.

அறையில் நாள்காட்டித் தாள்களை நான் எறிவதில்லை. கிழித்த தாளின் முதுகில் எடைகளைக் கிறுக்கி, கம்பியில் குத்தி வைப்பேன். இங்கத்து நாள்காட்டியில் கீழே சந்திர மாசத் தேதியும் இருக்கும். நாலு மேட்டு நாட்களையும் உருவிப் பார்த்தேன். ரெண்டு. பதினாறு. ரெண்டு. பதினாறு. நாலில் ஒன்றுகூடத் திங்கட்கிழமை இல்லை, அதனால்தான் வெறும் மணலில் அது தெரியவில்லை.

பிறகு சுவரில் இருந்த கோட்டைப் போய்ப் பார்த்தேன். நாலு மேடும் உச்சியில் மேசை மாதிரி தட்டை. ஒவ்வொன்றும் எட்டு வில்லை அகலம். உலையில் ஒரு நாள் எட்டு ஓடம்.

ஜன்னலுக்குப் போய்த் தலையை நீட்டினேன். கீழே பலா மரத்தடியில், என் குழாயின் வாய்க்கு நேர் கீழே, சூ பாவின் டின். உள்ளே கறுத்த சாம்பல். வேலியில் போகிற ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் கதையைக் கேட்டிருக்கிறேன். ஓணானுக்கு வழிகாட்டி, வேட்டிக்குச் சுவரின் வண்ணமும் அடித்தவன் நான்தான்.

அன்றைக்கு வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. என் மனைவி மரியம் சாவ் டொக் ஊர்ப் பக்கத்துச் சாம் இனத்து முஸ்லிம். என்னிடம் அவள் கற்ற தமிழ் முழுக்கத் திட்டுவதற்கானது. மற்றதெல்லாம் வியட்நாமிய மொழிதான்.

"என்னங்க, மீன் முள்ளு சிக்கிடுச்சா?"

விஷயத்தைச் சொன்னேன். "குழாயை அரை முழம் நகர்த்திட்டா போதும், யாருக்கும் தெரியாது," என்று கடைசியில் சேர்த்துக்கொண்டேன்.

"அப்புறம் அந்த அம்மா வெளிநாட்டுக்காரங்க முன்னால நின்னு பொய் சொல்வாங்க. பொய்னு தெரியாமலே."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"மூட்டைக்குள்ள வெச்ச ஊசி என்னைக்காவது வெளியே தலைநீட்டும்னு எங்க அம்மா சொல்லும்."

"எங்க ஊர்ல முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியாதுன்னு சொல்லுவாங்க."

"ஊசியோ பூசணிக்காயோ, காலையில முதல் வேலையாப் போய்ச் சொல்லிடுங்க. இப்ப சாப்பிடு, முட்டாப்பயலே." கடைசி வாக்கியம் நல்ல தமிழில் இருந்தது.

காலையில் போய் நின்று, நாலு நாள்காட்டித் தாளையும் மேசையில் வரிசையாக வைத்து, குழாய், டின், நான் சூ பாவைப் பின்னால் அனுப்பியது எல்லாவற்றையும் சொன்னேன். கோ ஹான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார். மூன்றாவது தடவையும் கழற்றினார். மூன்றாவதுக்கு என்ன அர்த்தம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது, அதுவரை நடந்ததில்லை.

"எத்தனை தடவை?" என்றார்.

"நாலு தடவை கோ. ரெண்டாம் நாள் ரெண்டு, பதினாறாம் நாள் ரெண்டு."

"அதைக் கேக்கலை. இதைச் சோதிச்சுப் பார்த்தது எத்தனை தடவை?"

"சோதிக்கலை. கண்டுபிடிச்சேன்."

"அப்ப இது இன்னும் கதைதான். என் தாளம் எப்படிக் கதையோ அதே மாதிரி இதுவும்." எழுந்துகொண்டார். "வாங்க, கொளுத்திப் பார்ப்போம்."

பூஜ்ய மணலை மூன்று ஓடத்தில் வைத்து, டின்னில் நெருப்பில்லாமல் ஒரு நாள் உலையை ஓட்ட வேண்டும். அடுத்த மூன்றை வைத்து, கீழே காகிதம் கொளுத்தி ஒரு நாள். முதல் நாள் முடிந்தது. ரெண்டாம் நாள் சூ பாவிடம் போனால், மாட்டேன் என்றுவிட்டார்.

"இன்னைக்கு ஒன்பதாம் நாள். கொளுத்தினா அவங்க வருவாங்க. வந்தா சோறு எங்கேன்னு கேப்பாங்க. இனி ஒன்பதுக்கு ஒன்பதும் வந்து நிப்பாங்க. யார் பதில் சொல்றது, நீயா?"

"சும்மா காகிதம்தானே சித்தப்பா."

"உனக்குச் சும்மா. உங்க பள்ளியில நேரம் தப்பி பாங்கு சொல்லுவியா?"

நான் திரும்பிப் பார்த்தேன். கோ ஹான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "சூ பா, அவங்க வராம இருக்கணும்னா என்ன செய்யணும்?"

சூ பா யோசித்தார். "சொல்லிடணும். சத்தமா. பெரிய மனுஷங்க யாராவது சொல்லணும்."

அப்படியாக எங்கள் கோ ஹான், முனைவர் பட்டம் பெற்றவர், பலா மரத்தடியில் டின்னுக்கு முன்னால் பிளாஸ்டிக் செருப்போடு நின்று, ஆகாயத்தைப் பார்த்துத் தெளிவான குரலில் அறிவித்தார்: "மரியாதைக்குரியவங்களே, இது பரிசோதனை. இன்னைக்குச் சாப்பாடு கிடையாது. யாரும் வர வேண்டாம். பதினாறாம் நாள் வழக்கம்போல உண்டு."

"நேரத்தையும் சொல்லிடுங்க," என்றார் சூ பா.

"நாலு மணிக்கு," என்றார் கோ ஹான்.

பிறகு அவரே தீக்குச்சி கிழித்தார். காகிதச் சட்டை ஒன்று சுருண்டு, புகை கிளை வழியாக ஏறி, நேராக என் குழாயின் வாய்க்குள் போனதை நாங்கள் மூன்று பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். நெருப்பில்லாமல் புகையாது என்பது எல்லோருக்கும் தெரியும். புகை எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் வேலை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

முதல் மூன்று மணலும் பூஜ்யம். ரெண்டாவது மூன்றிலும் வெந்த கரி. மெஷின் சொன்ன எண்ணைப் பார்த்துவிட்டு கோ ஹான் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். சில நாளாகச் சுமந்த தாளம் போயிற்று. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்தார்.

"நாளைக்கு எத்தனை ஓடம் வைக்கலாம்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் எனக்கு உயிர் வந்தது.

மீதிச் சேறு ஒவ்வொரு வில்லையிலும் ஒரு கரண்டி நுனி அளவுதான். ஒரு தடவைக்குக் காணும். இன்னொரு தடவைக்குக் காணாது. நாலு மேட்டின் முப்பத்திரண்டு வில்லை, குட்டி மேடு இருந்த நாளின் எட்டு, ஆக நாற்பது, அஞ்சு நாள் வேலை. குழாயின் வாயை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். நடுவில் ஒரு கண்ணாடிக் குழலில், சுட்டுச் சுத்தம் செய்த கண்ணாடிப் பஞ்சை அடைத்து வடிகட்டி வைத்தேன். சூ பாவின் டின் முன்வாசலுக்கே திரும்பியது, ஆனால் ரோட்டோரமாக. "புகை ரோட்டுக்குப் போகட்டும், அங்கே அதுக்குச் சொந்தக்காரங்க நிறைய," என்றார் அவர்.

வரிசையைக் கோ ஹான் கலைக்கச் சொன்னார். "சீட்டு கலைக்கிற மாதிரி கலைங்க. முதல் மேட்டுல ஒண்ணு, குட்டி மேட்டுல ஒண்ணு. உலைக்கு எது எதுன்னு தெரியக்கூடாது." துணி அடுக்கின கைக்கு அது லேசில் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு டப்பாவிலிருந்து எடுத்தேன். ஒவ்வொரு சிட்டிகையையும் நிறுக்கும்போது அவர் எதிரில் நின்று எடையைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லுவார். கல்வத்தில் ஒட்டியிருந்த தூளைக்கூட விடவில்லை. மைக்குப் பக்கத்தில் இருந்தால் கறுப்பாவாய், விளக்குப் பக்கத்தில் இருந்தால் வெளிச்சமாவாய் என்று இந்த ஊரில் சொல்வார்கள். அந்த அஞ்சு நாளும் நான் விளக்குப் பக்கத்தில் நின்றேன்.

கூட்டாளிகள் வரும் நாளுக்கு முந்தின மத்தியானம் கடைசிக் கிண்ணி மெஷினிலிருந்து வந்தது. கோ ஹான் புதுக் கோட்டைப் பென்சிலால் போட்டார். முதல் மேடு இல்லை. ரெண்டாவது இல்லை. மூன்று, நாலு இல்லை. நிலம் தட்டையாகிவிட்டது. நடுவில் மட்டும், வட்டமிட்டு வைத்த அந்த மூன்று வில்லை, ஒன்று ஏறி, ஒன்று உச்சியில் நின்று, ஒன்று இறங்கி, அப்படியே இருந்தது. ஓடங்களைக் கலைத்துப் போட்டும் அது கலையவில்லை. நாங்கள் அசலென்று கொண்டாடிய நாலும் சூ பாவினுடையது. நான் கொட்டிவிட்டதாக நினைத்த ஒன்றுதான் கடலினுடையது.

வந்தவர்களில் மூத்தவர் நெட்டையான ஒரு வெளிநாட்டுக்காரர். கோ ஹான் ரெண்டு கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தாளம் எப்படி வந்தது, எப்படிப் போனது என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். குழாயை யார் வைத்தது என்று மட்டும் சொல்லவில்லை. "நாங்க வெச்சோம்," என்றார். அந்த 'நாங்க'வை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நெட்டைக்காரர் பையிலிருந்து தன் பாதியின் கோட்டை எடுத்து, எங்கள் புதுக் கோட்டின் மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தட்டை நிலம், நடுவில் அதே மூன்று வில்லை. ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தது.

"அந்த டின்னைப் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

எல்லோரும் முன்வாசலுக்குப் போனோம். அன்றைக்குப் பதினாறாம் நாள். சூ பா படையல் முடித்திருந்தார். விருந்தாளிக்குப் படையல் மிட்டாய் ஒன்றை நீட்டினார். அவர் உறையைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். மூன்று மாசம் கழித்து மற்றத் தண்டுகள் வந்து சேர்ந்தன.

அவர்கள் போன பிறகு சூ பா கேட்டார், "நாலு தீ என்னோடதுன்னு ஒத்துக்கறேன். அந்த அஞ்சாவது யாரோடது?"

"பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால. ஏதோ பெரிய காடு எரிஞ்சிருக்கணும்," என்றார் கோ ஹான்.

"அதுல ஆளுங்க இருந்தாங்களா?"

"தெரியாது சூ பா."

"தெரியாதவங்களுக்குத்தானே நான் படைக்கிறதே," என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் இன்னொரு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றிக்கொண்டு வந்து, மற்றக் கிண்ணங்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

கோ ஹான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை.

மறுநாள் காலையில் அவர் பதிவேட்டை வாங்கி, ஸ்கேல் வைத்து, ஓரத்தில் ஒரு கட்டம் போட்டார். முதல் வரியில் முந்தின நாளுக்கு எதிரே தன் கையால் எழுதினார்: பதினாறு, நாலு மணி, ஒரு கிண்ணம் கூடுதல். அச்சடித்த அந்தப் பழைய படத்தை வெட்டி, வெள்ளைப் பக்கம் மேலாக நான் இழுப்பறைகளுக்கு விரித்தேன். நல்ல தடித்த தாள், இன்னும் கிடக்கிறது.

நேற்று தூய் மறுபடி போன் செய்தாள். கட்டத்தை எடுக்கவில்லையாம். கம்ப்யூட்டர் வேலை செய்கிற பையனிடம் சொல்லி, அது காலியாக இருந்தால் உலை சூடேறாதபடி பூட்டும் போட்டுவிட்டாளாம்.

"இப்ப தினமும் காலையில மொத வேலை நிலா எங்கே இருக்குன்னு பார்க்கறதுதான் சூ ஸாவ்," என்றாள்.

"எத்தனை தடவை பார்க்கறே?" என்று கேட்டேன்.